உபாகமம் 28-ஆம் அதிகாரமும் உங்கள் கடைக் கடனும்

கேள்வி: ஐயா, நாங்கள் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தோம். வியாபாரம் படுத்துப்போய்க் கடையை மூடிவிட்டோம். வங்கிக் கடன் இருக்கிறது. அது போக, தெரிந்த ஒருவரிடம் வட்டிக்கு வாங்கியதும் நிற்கிறது. நாங்கள் போகும் ஜெபக்கூட்டத்தில் உபாகமம் 8:18-ஐ எடுத்து, "ஐசுவரியம் உடன்படிக்கையின் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய உரிமை" என்று பேசினார்கள். கடனில் இருந்தால் அது உபாகமம் 28-இல் சொன்ன சாபம், விதைக் காணிக்கை (பலமடங்காகத் திரும்பி வரும் என்று நம்பிக் கொடுக்கும் காணிக்கை) கொடுத்துத்தான் அதை உடைக்க முடியும் என்றார்கள். நானும் அந்த நேரத்தில் ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாக அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கையில் மிச்சம் இருப்பது என் சங்கிலி ஒன்றுதான். அதை அடகு வைத்துக் கொடுக்கலாமா? தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் ஆசீர்வாதம் பொழியும் என்கிற மல்கியா 3:10 உண்மைதானே? என் வீட்டுக்காரர் பைபிளைத் திறப்பதையே விட்டுவிட்டார். "எனக்கு விசுவாசம் இல்லாததால்தான் கடை போனது என்கிறார்கள், அப்புறம் நான் எதற்கு ஜெபம் பண்ண வேண்டும்" என்கிறார். பழைய ஏற்பாட்டு வாக்குத்தத்தங்கள் எங்களுக்கு உண்டா, இல்லையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சங்கிலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடகு வைக்க வேண்டாம். எழுதிக் கொடுத்ததை மீறினால் சாபம் இன்னும் கூடிவிடுமோ என்று நீங்கள் பயப்படுவது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அந்தப் பயத்துக்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. லேவியராகமம் 27-ஆம் அதிகாரம் பொருத்தனைகளைப் பற்றியது. ஒருவர் ஓர் ஆளைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால் எவ்வளவு வெள்ளி கட்ட வேண்டும் என்று வயது வாரியாக அங்கே கணக்கு வருகிறது. இருபதிலிருந்து அறுபது வயதுக்குள் இருக்கும் ஆணுக்கு 50 சேக்கல் (அந்தக் காலத்து எடை அளவு), பெண்ணுக்கு 30 சேக்கல். அடுத்து எட்டாம் வசனம். நேர்ந்துகொண்டவர் அந்தத் தொகையைக் கட்ட முடியாத ஏழையாக இருந்தால் ஆசாரியனிடம் போக வேண்டும். அவருடைய திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் தொகையை மாற்றி மதிப்பிட வேண்டும். கடன் வாங்கிக் கட்டச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. குறைத்து மதிப்பிடும் பொறுப்பு ஆசாரியனுடையது. பாவநிவாரண பலியிலும் இதே நியாயம்தான். ஆட்டுக்கு வழியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவர் ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு, அதாவது சுமார் இரண்டு லிட்டர் மாவு கொண்டுவந்தால் போதும் (லேவியராகமம் 5).

பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே என்ற பிரசங்கி 5:4-ஐ யாராவது உங்களிடம் நீட்டலாம். கையில் வைத்துக்கொண்டே இழுத்தடிப்பவருக்கு அந்த வசனம் சரி. இல்லாதவருக்குச் சட்டம் லேவியராகமம் 27:8-இல் இருக்கிறது. அட்டையை வாங்கியவர்களிடம் நேரே போய் அந்த வசனத்தைக் காட்டி, "இப்போது என்னால் முடியவில்லை" என்று சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இனி உங்கள் பெரிய கேள்வி. இதைப் பல வருஷம் வகுப்பில் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். "அதெல்லாம் ஆவிக்குரிய ஆசீர்வாதம் அம்மா, உலகப் பொருளைப் பற்றி இல்லை" என்று உங்களுக்குச் சிலர் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. எபிரெய வேதாகமம் அப்படிப் பேசுவதில்லை. உபாகமம் 28:5 "உன் கூடையும், மாப்பிசைகிற உன் தொட்டியும்" ஆசீர்வதிக்கப்படும் என்கிறது. எட்டாம் அதிகாரம் கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவ எண்ணெய், தேன் என்று பெயர் சொல்லி அடுக்குகிறது. மலைகளில் செம்பு வெட்டி எடுக்கலாம் என்பதுவரை போகிறது. அடுப்படியும் களமும் தொழுவமும் கடவுளின் அக்கறைக்கு உட்பட்டவை என்பதில் அந்த நூல்களுக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. கடையை மூடியதில் உங்களுக்கு வருத்தம் என்றால் அது பொருளாசை ஆகாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்தச் செழிப்பு எப்படி வரும் என்று நினைத்துச் சொல்லப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். உபாகமம் 11:10-12-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். எகிப்தில் காலால் நீர் பாய்ச்சினீர்கள், இந்தத் தேசமோ வானத்து மழையைக் குடிக்கிற தேசம் என்று மோசே சொல்கிறார். கானான் மலைநாட்டில் நைல் போல ஓர் ஆறு கிடையாது. கோடை முழுக்க ஒரு சொட்டு மழை இருக்காது. அக்டோபர், நவம்பரில் முன்மாரி வந்தால்தான் காய்ந்து இறுகிய நிலத்தில் ஏர் இறங்கும். மார்ச், ஏப்ரலில் பின்மாரி வந்தால்தான் கதிர் முற்றும். இரண்டில் ஒன்று தவறினாலும் பஞ்சம். "ஏற்ற காலத்தில் மழை" என்பதே உடன்படிக்கை ஆசீர்வாதத்தின் நடுப்பகுதியாக இருப்பதற்கு இதுதான் காரணம். மழை வந்தால் ஊருக்கே வரும், பொய்த்தால் ஊருக்கே பொய்க்கும். நல்லவன் வயலை மட்டும் நனைத்துவிட்டு அடுத்த வயலைத் தாண்டிப் போகாது. உபாகமத்தின் செழிப்பு ஒரு தேசத்து மக்கள் எல்லாரும் சேர்ந்து வாழும் விதத்தோடு கட்டப்பட்டது. ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கை வைத்து அளக்கிற விஷயமாக அது எழுதப்படவே இல்லை.

28-ஆம் அதிகாரத்துக்கு முந்தின அதிகாரத்தையும் யாரும் கூட்டத்தில் வாசிப்பதில்லை. ஆறு கோத்திரத்தார் கெரிசீம் மலையில் ஆசீர்வாதம் கூற நிற்க வேண்டும், ஆறு கோத்திரத்தார் ஏபால் மலையில் சாபம் கூற நிற்க வேண்டும். இன்றைய நாப்லுஸ் நகரம் அந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அங்கே சொல்லப்படும் சாபங்கள் யாருக்கு? பக்கத்து நிலத்தின் எல்லைக்குறியை நகர்த்துகிறவனுக்கு. குருடனை வழிதப்பச் செய்கிறவனுக்கு. பரதேசி, திக்கற்றவன், விதவை ஆகியோரின் நியாயத்தைப் புரட்டுகிறவனுக்கு. கடை நஷ்டப்பட்டுப்போன ஒருவருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

28-ஆம் அதிகாரத்தின் அமைப்பு அந்தக் காலத்து அரசியல் ஒப்பந்தங்களின் அமைப்பு. அசீரிய அரசன் எசரத்தோன் கி.மு. 672-இல் தன் மகனை வாரிசாக்கி, தன் ஆளுகைக்குட்பட்டவர்களிடம் சத்தியம் வாங்கிய ஒப்பந்தத்தின் களிமண் பலகைகள் 1955-இல் ஈராக்கில் நிம்ருதில் கிடைத்தன. 2009-இல் தெற்குத் துருக்கியில் தெல் தயினாத் என்ற இடத்திலும் அதன் இன்னொரு பிரதி கிடைத்தது. மீறினால் என்னவாகும் என்று அதில் வரும் சாபங்களில், நிலம் இரும்பாகும், வெண்கல வானத்திலிருந்து மழை பெய்யாதது போல உங்களுக்கும் பெய்யாது என்று வருகிறது. உபாகமம் 28:23-ஐத் திறந்தால் அதே வெண்கல வானமும் இரும்புப் பூமியும் இருக்கின்றன. இஸ்ரவேலர் தங்களுக்குத் தெரிந்த ஒப்பந்த வடிவத்தை எடுத்து, எங்கள் விசுவாசம் எந்தச் சக்கரவர்த்திக்கும் இல்லை, கர்த்தருக்கே என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த அதிகாரங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் அதை ஒரு வீட்டுக் கடனைக் கண்டுபிடிக்கும் ஜாதகமாக மாற்றும்போது மனசு கொதிக்கிறது. 36-ஆம் வசனத்தில் "உன் ராஜாவையும்" சிறைபிடித்துக்கொண்டு போவார்கள் என்கிறது. 12-ஆம் வசனத்தில் கடன் கொடுப்பது அநேகம் ஜாதிகளுக்கு, அதாவது தேசங்களுக்கு. உங்கள் வீட்டுக்காரருக்கு ராஜா ஏது, ஜாதிகளுக்கு ஏது கடன்? முழுத் தேசத்தோடு பேசுகிற வார்த்தைகள் இவை. "வாலாக்காமல் தலையாக்குவார்" என்று புது வருஷ அட்டையில் வருவதும் அதே பேச்சின் ஒரு வரிதான்.

சரி, கீழ்ப்படிந்தவன் செழிப்பான், செழித்தவன் கீழ்ப்படிந்தவன் என்று இரண்டு பக்கமும் திருப்பிப் படிக்கலாமா? ராஜாக்களின் புத்தகங்கள் உபாகமத்தின் கண்ணோட்டத்திலேயே எழுதப்பட்ட சரித்திரம். அவையே இதற்கு ஒத்துழைக்கவில்லை. யூதாவின் ராஜாக்களில் மிக மோசமானவன் என்று எழுதப்பட்ட மனாசே 55 வருஷம் ஆண்டான். தன் முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பியவர்களில் இவனைப்போல ஒருவனும் இல்லை என்று புகழப்பட்ட யோசியா கி.மு. 609-இல் மெகிதோவில் எகிப்தியரின் கையில் செத்தான். வடக்கே இரண்டாம் யெரொபெயாம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்தான் என்று சொல்லிவிட்டு, அவன் 41 வருஷம் ஆண்டதையும் இழந்த எல்லைகளை மீட்டதையும் அதே பத்தியில் எழுதிவைத்திருக்கிறார்கள் (2 இராஜாக்கள் 14). நாபோத் தன் பிதாக்களின் சுதந்தரத்தை விற்க மாட்டேன் என்று ஆகாப் ராஜாவிடம் சொன்னான். நிலத்தைப் பற்றிய உடன்படிக்கைச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கைக்கொண்டவன் அவன். கல்லெறிந்து கொன்றார்கள். அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்தத் தீர்க்கதரிசியும் சொல்லவில்லை. எலியா தீர்க்கதரிசி போய் நின்றது ஆகாபுக்கு முன்னால்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். உடன்படிக்கைச் சட்டங்களில் ஒருவன் ஏழையானால், கேள்வி அவனிடம் கேட்கப்படுவதில்லை. பக்கத்தில் வசதியாக இருப்பவனிடம் கேட்கப்படுகிறது. உபாகமம் 15 இதற்குச் சாட்சி. கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார், எனவே உங்களுக்குள் எளியவன் இருக்கக்கூடாது என்கிறது நான்காம் வசனம். தேசத்தில் எளியவர் இல்லாமல் போவதில்லை என்கிறது பதினோராம் வசனம். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஏழாம் வருஷத்தில் கடன்களை விட்டுவிடு, கையை மூடாதே, விடுதலை வருஷம் நெருங்குகிறதே, கொடுத்தால் திரும்பாதே என்று கணக்குப் போட்டு எளிய சகோதரனுக்குக் கடன் கொடுக்காமல் இருக்காதே என்ற கட்டளைகள். தேசத்துக்குக் கொடுத்த ஆசீர்வாதம் வீடு வீடாகப் போய்ச் சேர வேண்டிய வழி இதுதான். வானத்திலிருந்து மழை வருவது கர்த்தரின் பங்கு. அறுப்பில் மறந்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாமல் விதவைக்கு விடுவது (உபாகமம் 24:19) நிலம் வைத்திருப்பவனின் பங்கு. இரண்டாவது நின்றுபோனால் முதலாவது வந்தும் பயனில்லை.

இது ஏட்டோடு நின்ற சட்டம் என்று நினைக்க வேண்டாம். ஏழாம் வருஷத்தில் பணம் போய்விடும் என்று பயந்து மக்கள் கடன் கொடுப்பதையே நிறுத்தியதால், ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்று ஹில்லேல் என்ற யூத ஆசிரியர் ஒரு புது வழிமுறை கொண்டுவந்ததாக யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பணத்தைத் தொட்ட சட்டம் என்பதால்தான் அவ்வளவு சங்கடம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் மாணவர்கள் அமைதியாகிவிடுவார்கள். 1960-இல் இஸ்ரவேலின் கடற்கரையில், யாவ்னே-யாம் பக்கத்தில் மெசாத் ஹஷவ்யாகு என்ற சிறிய கோட்டையைத் தோண்டியபோது, மையால் எழுதிய ஒரு பானை ஓடு உடைந்த துண்டுகளாகக் கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அறுப்பு வேலைக்குப் போன ஒரு கூலிக்காரன் அதிகாரிக்கு எழுதிய மனு அது. பேரும் மிஞ்சவில்லை, மனு மிஞ்சியிருக்கிறது. "என் ஆண்டவனாகிய அதிகாரி தன் அடியானின் வார்த்தையைக் கேட்பாராக" என்று தொடங்குகிறான். அடியேன் அறுப்புக்காரன், வேலையை முடித்துத் தானியத்தைச் சேர்த்தும் வைத்துவிட்டேன், அப்படியிருந்தும் சோபாயின் மகன் ஓசாயாகு வந்து என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்கிறான். வெயிலில் என்னோடு அறுத்த என் சகோதரர் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள், என் வஸ்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறான். அவ்வளவுதான் மனு. யாத்திராகமம் 22:26-27-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒருவன் வஸ்திரத்தை ஈடாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு. அவனுக்குப் போர்வை அது ஒன்றுதான், வேறு எதைப் போர்த்திப் படுப்பான், அவன் என்னிடம் முறையிட்டால் நான் கேட்பேன் என்கிறார் கர்த்தர். உடன்படிக்கையின் கடவுள் ஈடு வாங்கியவனின் பக்கம் நிற்கவில்லை. போர்வை இல்லாமல் படுத்தவனின் பக்கம் நிற்கிறார்.

இப்போது ஆமோஸ் 2:8. அவர்கள் ஈடாக வாங்கிய வஸ்திரங்களின்மேல் எல்லாப் பலிபீடங்களின் அருகேயும் படுத்துக்கொள்கிறார்கள் என்று தெக்கோவாவிலிருந்து வந்த இந்த ஆட்டுக்காரர் சீறுகிறார். இது நான் மேலே சொன்ன இரண்டாம் யெரொபெயாமின் செழிப்பான காலம். தந்தக் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள் என்று அவர் திட்டியது மிகைப்படுத்தல் இல்லை. 1930-களில் சமாரியாவில் நடந்த அகழாய்வில் மரச்சாமான்களில் பதித்த தந்தச் செதுக்கல்கள் குவியலாகக் கிடைத்தன. பொருள் இருந்தது, பண்டிகை இருந்தது, காணிக்கை இருந்தது. ஏழையின் அடகுப் பொருளும் பலிபீடத்தின் பக்கத்திலேயே கிடந்தது. அது ஒன்று போதும், ஆமோஸ் அந்த ஆராதனையை வெறுக்க. உங்கள் சங்கிலி அடகுக் கடைக்குப் போய், அந்தப் பணம் மேடைக்கு வந்தால், வேதத்தில் அதற்கு ஒப்பான இடம் எது என்று தேடினால் எனக்கு ஆமோஸ் 2:8 தான் கண்ணில் படுகிறது.

ஐசுவரியத்தைச் சம்பாதிக்கப் பெலன் கொடுக்கிறவர் கர்த்தரே என்று நினைக்கச் சொல்லும் உபாகமம் 8:18-க்கு வருகிறேன். அந்த வசனம் தனியாக நிற்கவில்லை. முந்தின வசனம், என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இதைச் சம்பாதித்தது என்று உன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளாதே என்கிறது. அதாவது, ஏற்கெனவே நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, பொன்னும் வெள்ளியும் சேர்ந்துவிட்ட ஒருவன் கர்த்தரை மறந்துவிடக்கூடாது என்பதற்கு எழுதிய எச்சரிக்கை அது. பணக்காரனின் பெருமையைத் தட்டி வைக்க எழுதியதை எடுத்து, இல்லாதவனிடம் "உனக்கு வரவேண்டிய உரிமை, ஏன் வரவில்லை?" என்று கேட்பது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

ஆபிரகாமையும் இழுத்திருப்பார்கள். ஆபிரகாம் சீமான்தான், ஆதியாகமம் 13:2 அப்படிச் சொல்கிறது. ஆனால் வாக்குத்தத்தம் கேட்டுப் புறப்பட்டவுடன் அவர் சந்தித்தது பஞ்சம். ஆடுமாடுகள் பெருகியதாக முதலில் எழுதியிருப்பது, பயத்தில் மனைவியைச் சகோதரி என்று சொல்லிப் பார்வோனின் அரமனைக்கு அவள் போனபோது. அதை யாரும் உடன்படிக்கையின் பலன் என்று சாட்சி சொல்ல மாட்டார்கள். சோதோமின் ராஜா கொள்ளைப் பொருளைக் கொடுக்க வந்தபோது, ஆபிராமை ஐசுவரியவானாக்கினேன் என்று நீர் சொல்லாதபடிக்கு ஒரு நூலையாவது பாதரட்சையின் வாரையாவது எடுத்துக்கொள்ளமாட்டேன் என்றார். தேசம் முழுவதும் உனக்கு என்று கேட்ட மனிதர் கடைசியில் சொந்தமாக வைத்திருந்தது எப்ரோனில் மனைவியைப் புதைக்க வாங்கிய மக்பேலா குகையும் நிலமும்தான். அதையும் இனாமாக வாங்கவில்லை. 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தார். யூதாவில் பிற்காலத்தில் கிடைத்த எடைக்கற்களின் கணக்கில் பார்த்தால் அது நாலரை கிலோ வெள்ளி. ஈசாக்கு விதைத்து நூறு மடங்கு அறுத்ததையும் சொல்வார்கள். அவர் விதைத்தது கேராரின் மண்ணில், நிஜமான விதையை. அறுத்த கையோடு பெலிஸ்தர் பொறாமைப்பட்டுத் துரவுகளை மண் போட்டுத் தூர்த்ததும் அதே அதிகாரத்தில் இருக்கிறது.

மல்கியா 3:10 உண்மைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பண்டசாலை என்ன, யாருக்கு என்று பார்க்க வேண்டும். பாபிலோனிலிருந்து திரும்பி வந்து ஆலயத்தைக் கட்டி முடித்தபின், பெர்சியர் ஆட்சியில் நடக்கும் பேச்சு இது. ஆலய வேலை செய்த லேவியருக்கு நிலம் கிடையாது, தசமபாகம்தான் சாப்பாடு. அது வராததால் லேவியர் அவரவர் வயலுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13:10 சொல்கிறது. தசமபாகம் தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு ஆகிய விளைச்சலிலிருந்து வந்தது. விளைந்தபின் கொடுப்பது. விளையாதவன் கடன் வாங்கிக் கொடுப்பது என்று ஒன்று மோசேயின் சட்டத்தில் கிடையாது. இன்னும் சொன்னால் உபாகமம் 14-இன்படி தசமபாகத்தைக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு கர்த்தரின் சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும். மூன்றாம் வருஷத்தின் தசமபாகமோ ஊர் வாசலில் வைக்கப்பட்டு லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் தின்று திருப்தியடைய வேண்டும். இன்று உங்கள் வீடு இருக்கும் நிலையில், அந்த வாசலில் நீங்கள் வாங்குகிற வரிசையில் நிற்க வேண்டியவர்கள். மல்கியாவிலும் பத்தாம் வசனத்துக்குக் கொஞ்சம் மேலே, ஐந்தாம் வசனத்தில், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவைகளை ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகத் தீவிரமான சாட்சியாக வருவேன் என்கிறார் கர்த்தர். ஐந்தை விட்டுவிட்டுப் பத்தை மட்டும் பிரசங்கிப்பது எனக்குச் சம்மதமில்லை.

சாறிபாத் விதவை கடைசி மாவில் முதலில் எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்ததைச் சொல்லி உங்களை நெருக்கலாம். அவளுக்குக் கிடைத்தது பஞ்சம் தீரும்வரை அன்றாடச் சாப்பாடு. கடன் கதை வேறு இடத்தில், 2 இராஜாக்கள் 4-இல் இருக்கிறது. கடன்காரன் இரண்டு பிள்ளைகளை அடிமையாக்க வந்து நிற்கிறான். எலிசா தீர்க்கதரிசி அந்த விதவையிடம் காணிக்கை கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பாத்திரங்கள் நிறைந்தபின், எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு, மீந்ததைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் ஜீவனம் பண்ணுங்கள் என்று அனுப்பினார். தனக்கென்று ஒரு குடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்லுங்கள். அவர் கேட்ட கேள்வி வேதத்துக்கு வெளியே நிற்கிற கேள்வி இல்லை. யோபு 1:9-இல் சாத்தான் கேட்பது அதுதான்: "விருதாவாகவா யோபு தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" லாபம் இல்லாமல் யாராவது கடவுளை நம்புவானா என்ற ஏளனம். செழிப்பை விசுவாசத்தின் அளவுகோலாக்குகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ சாத்தானின் அந்த வாதத்துக்கே ஆதரவு தருகிறார்கள். யோபின் நண்பர்கள் நாள் முழுக்க, உன்னிடம் ஏதோ குற்றம் இருக்கிறது, அதுதான் இப்படி என்று விளக்கினார்கள். கர்த்தர் கடைசியில் கோபப்பட்டது அவர்கள்மேல்தான் (42:7). முறையிட்ட யோபுதான் கர்த்தராகிய தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசினான் என்கிறார். எனவே உங்கள் வீட்டுக்காரர் ஜெபிக்க முடியாமல் கோபத்தோடு உட்கார்ந்திருந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். 73-ஆம் சங்கீதத்தை மட்டும் அவர் கண்ணில் படும்படி வையுங்கள். துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு என் கால் கிட்டத்தட்ட வழுக்கிவிட்டது, நான் சுத்தமாக இருந்தது வீண் என்று அதைப் பாடிய ஆசாப் புலம்புகிறான். ஆராதனையில் பாடுவதற்கென்றே அதைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

"யோபுக்கு இரட்டிப்பாகக் கிடைத்ததே" என்று யாராவது சொன்னால், அடுத்த வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். கர்த்தர் அவன் சிறையிருப்பை மாற்றினார் என்ற பத்தாம் வசனத்தைத் தொட்டாற்போல் பதினோராம் வசனம்: அவன் சகோதரர், சகோதரிகள், பழைய அறிமுகமானவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து, அவனோடு சாப்பிட்டு, துக்கம் விசாரித்து, ஆளுக்கு ஒரு காசும் ஒரு பொன் ஆபரணமும் கொடுத்தார்கள். இழந்தவன் வீட்டுக்குள் நகை வந்தது. உங்கள் வீட்டிலிருந்து நகை வெளியே போக வேண்டும் என்கிறவர்கள் யோபின் கதையை எந்த முனையிலிருந்து படித்தார்களோ தெரியவில்லை.

அந்த வாக்குத்தத்தங்கள் உங்களுக்கு உண்டா என்றால், உண்டு, ஆனால் உங்கள் தலையில் தனியாக ஏற்றிவைக்கும் சுமையாக இல்லை. கர்த்தரின் ஜனம் என்று சொல்லிக்கொள்கிற ஒரு சபை முழுவதையும் கட்டுகிற வார்த்தைகள் அவை. உபாகமம் 28-ஐ உரிமை கோருகிற சபை உபாகமம் 15-ஐயும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே உங்கள் சபைப் போதகரிடமோ கமிட்டியிடமோ கூச்சப்படாமல் பேசுங்கள். வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா, வீட்டுக்காரருக்கு ஒரு வேலைக்கு வழி இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். நெகேமியா 5-இல் எருசலேம் ஜனங்கள் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளையும் அடிமையாக்குகிறோம் என்று கூக்குரலிட்டபோது ஆளுநராக இருந்த நெகேமியா அவர்களை உபவாசத்துக்கு அனுப்பவில்லை. வட்டி வாங்கிய பிரபுக்களை எல்லார் முன்பாகவும் நிறுத்தி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சத்தியம் வாங்கினார்.

அந்தத் தெரிந்தவரிடம் வாங்கிய கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவ்வளவு வாங்கினீர்கள், இதுவரை வட்டியாக எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வட்டி அநியாயமாக இருந்தாலோ, வீட்டு வாசலில் வந்து மிரட்டினாலோ, கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மனு கொடுக்கலாம். வெற்றுத்தாளிலோ வெற்றுப் பத்திரத்திலோ இனி எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிக் கடனுக்குத் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி மேலாளரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கடை மூடிய விவரத்தையும் அதில் சேருங்கள். கடை எந்த மாதத்திலிருந்து நஷ்டத்தில் ஓடியது என்பது உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும், அந்தக் கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.